சுங்கம் தவிர்த்த பழம்

பூசான் துறைமுகத்தில் எனக்கு வேலை
கொள்கலன் கதவைத் திறப்பது,
ஒரு பழத்தின் வயிற்றில் வெப்பமானியைச் செருகுவது,
வந்த எண்ணைப் படிவத்தில் எழுதுவது.

சிலித் திராட்சைக்கு
நவம்பரிலிருந்து ஏப்ரல் முடியத் தீர்வை தேய்கிறது.
மே பிறந்தால் பழைய தீர்வை
பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.
ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில்
பருவத்துக்கும் ஒரு கதவு, கதவுக்கொரு தாழ்ப்பாள்.

“மோதலே வராது” என்றாராம்
அமைச்சகத்திலிருந்து வந்தவர்,
யோங்தோங் ஊர்க் கூட்டத்தில்.
“அவர்கள் பழம் குளிரில். உங்கள் பழம் ஆகஸ்டில்.”
பின்வரிசையிலிருந்து எழுந்தான் என் அண்ணன் பில்ஜுங்:
“என் பழம் ஏப்ரலில்.”

ஏப்ரலில்தான்.
வெளியே பனி கொட்டும்போதே
நெகிழிக் கூடாரத்துக்குள் கொதிகலன் மூட்டி,
எண்ணெய்க்குக் கடன் வாங்கி,
கொடியை ஏமாற்றி எழுப்பிவிடுவான்.
நாடே திராட்சை காணாத நாளில்
அவனிடம் மட்டும் கறுத்திருக்கும்.
அந்த மூன்று வாரம்தான் அவனுக்கு ஓர் ஆண்டு.

அந்த மூன்று வாரத்துக்குள்
கப்பல் வந்தது.
நான்தான் திறந்தேன்.

பெட்டி ஓரத்தில் ஒரு முத்திரை:
அடுக்கியவர் 47.
காம்புகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும்.
சின்னக் கைக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.
பெண்தானா என்பதே தெரியாது.
ஏற்றுமதி ஏறியபோது
அவள் கூலி ஏறியதா, அதுவும் தெரியாது.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

தோட்டத்தை மூடுவோருக்கு இழப்பீடு தந்தது அரசு.
குறை சொல்வதற்கில்லை, நியாயமான தொகை.
கொடியை வெட்டிய அன்று
வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.
“மார்ச்சில் அப்படித்தான் சொட்டும்” என்றான்,
அதை யாரும் அழுகை என்று சொல்லிவிடக் கூடாது என்பதுபோல.

பிறகு பீச் நட்டான்.
பக்கத்துத் தோட்டக்காரரும் பீச் நட்டார்.
இழப்பீடு வாங்கிய பள்ளத்தாக்கு முழுவதும் பீச் நட்டது.
நான்காம் ஆண்டு பீச் என்ன விலைக்குப் போனது என்று
சொல்லவும் வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.
உல்சான் கார் ஆலையில்
வலப்பக்கக் கதவு பொருத்துகிறார் என் கணவர்.
அதே காகிதத்தின் மறுபக்கத்தில்
கார்கள் தீர்வையின்றிப் போயின.
மிகுநேர வேலை வந்தது.
வீட்டுக் கடன் இரண்டு ஆண்டு முன்னதாகவே முடிந்தது.
அண்ணனிடம் நான் சொல்லவில்லை.
அவன் கேட்கவுமில்லை.

புத்தாண்டுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள்.
பிப்ரவரி.
முன்னோர் படையலில் பேரிக்காய், ஆப்பிள், பொரித்த மீன்,
நடுவில்
மகள் ஆசைப்பட்டாள் என்று கணவர் வாங்கிவந்த
சிவப்புத் திராட்சை,
அண்ணன் காலத்து விலையில் பாதிக்கு.
தட்டை நகர்த்தப் பார்த்தேன். அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

படையல் முடிந்ததும் சேபொம் ஒரு கொத்தை நீட்டினாள்.
“மாமா, புளிக்குதா பாருங்க.”

காத்திருந்தோம்.
புளிக்கிறது என்று அவன் சொல்லியிருந்தால்
அந்த அறையில் ஒருவரும்
நரியை நினைத்திருக்க மாட்டோம்.

எங்கள் பழத்தை இரு விரலால் அழுத்தினால்
தோல் அப்படியே கழன்று
சதை மட்டும் வாய்க்குள் வழுக்கும்.
அப்படித்தான் அழுத்தினான்.
இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.
இது கழலாத ஜாதி, தோலோடு தின்பது.
அத்தனை பெட்டி திறந்த எனக்குத் தெரியும்.
நான் சொல்லவில்லை.

வாயில் போட்டு மென்றான்.
“இனிப்புதான்.”

துப்புவதற்கென்று குவித்த இடது கை
விதையுமில்லை தோலுமில்லை,
மேசைமேல் சற்று நேரம்
குவிந்தபடியே இருந்தது.